பின்சக்கரத்து அச்சு

நாச்சிமுத்து அந்த அச்சை மேஜையில் வைத்தபோது, அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒன்பது நாள் உழைப்பு. 'பரவாயில்லையே' என்று எஸ்தர் வாயிலிருந்து ஒரு வார்த்தை விழாதா என்று நின்றார்.

எஸ்தர் வெர்னியர் அளவுகோலை எடுத்து அளந்தாள்.

"சார், இது அஞ்சு மில்லி அச்சு. இப்ப நாலே முக்கால்தான் இருக்குது."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கோயம்புத்தூரில் ரிமோட் கார்களுக்கு வைத்தியம் பார்க்கிற கடை எஸ்தருடையது. அவளுக்கு வயது இருபத்தெட்டு, அவருக்கு அறுபத்திரண்டு. இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்ட அறிவியல் வாத்தியார் அவர். ஆனால் ஒரு திருகாணியின் துருவைக்கூடத் தன் கையால் எடுத்ததில்லை. பழைய ரிமோட் கார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "கத்துக்குடுங்க குருவே" என்று பாதி கேலியும் பாதி கெஞ்சலுமாக நின்றார். நானே சரிபண்ணித் தருகிறேன் என்று அவள் சொன்னதற்கு மசியவில்லை.

மகனுடைய கார், சின்ன வயதில் தொலைந்தது, இப்போது பழைய சாமான் கடையில் அகப்பட்டது, ஞாயிற்றுக்கிழமை அவன் வருகிறான். இவ்வளவுதான் அவர் அவளிடம் சொன்னது.

"வினிகர்ல ஊற வச்சு, பித்தளை பிரஷ்ல தேய்க்கத்தானே சொன்னேன்? துரு போனதும் நிறுத்திருங்கன்னு சொன்னேனே. இது எதுல தேய்ச்சதுங்க?"

"உப்புத்தாள்ல."

"எதுக்குங்க?"

"துரு போயிருச்சு அம்மிணி. அது தின்ன எடமெல்லாம் குழி குழியாத் தெரிஞ்சுது. ஒரு தடம்கூட இருக்கக் கூடாதுன்னுதான்..."

அழிப்பது என்று வந்துவிட்டால் வாத்தியார்களை மிஞ்ச ஆளில்லை. மணி அடித்த பிறகும் நின்று, மூலையில் கிடக்கிற ஒற்றைப் புள்ளியையும் துடைத்துவிட்டுப் போகிற ஜாதி.

எஸ்தர் அச்சைப் பேரிங்கில் செருகினாள். லொடலொடவென்றது. சக்கரத்தை மாட்டிச் சுற்றிவிட்டாள். அது குடிகாரன் நடையாகத் தள்ளாடி நின்றது.

"இத்தனை வருசத்துல துரு தின்னது கொஞ்சம்தான் சார். மீதியை ஒம்பது நாள்ல நீங்க தின்னுட்டீங்க."

நாச்சிமுத்து சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். "வேற அச்சு வாங்கிப் போட்டுக்கலாமா?"

"போடலாம். அதுக்கு முன்ன ஒண்ணு கேக்கறேன்." அவள் வண்டியைக் கவிழ்த்தாள். "வலது பக்கம் துருவே இல்லைங்க. இடது பக்கம் மட்டும் அரிச்சிருக்குது. ஓடின வண்டி இப்படி ஒரு பக்கமாத் துருப்பிடிக்காது. இது ஒரே எடத்துல, ஒருக்களிச்சு, பல வருசம் ஈரத்துல கெடந்திருக்குது. இது தொலைஞ்சு போன வண்டியில்லைங்க சார். யாரோ ஒளிச்சு வச்ச வண்டி."

என் வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இவள் எப்போது வந்து எட்டிப் பார்த்தாள் என்று நாச்சிமுத்து விழித்தார்.

ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பத்தாவது பரிச்சை வருசம். எந்நேரமும் இதும் கையுமாவே இருந்தான். சாக்குல சுத்தித் தொட்டிக்கு அடியில வச்சேன். பரிச்சை முடிஞ்சதும் குடுத்தரலாம்னுதான். கேட்டப்ப, யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு வாயில வந்துருச்சு."

"யாருன்னு கேட்டிருப்பாரே?"

"நான் யார் பேரும் சொல்லலை. அவனா, சுதாகர்தான்னு முடிவு பண்ணிட்டான். தினமும் நம்ம வீட்டுக்கு வர்ற பையன். வகுப்புல அத்தனை பேர் முன்னாடியும் திருடன்னு சொல்லிட்டான்."

"அப்ப நீங்க எங்கிருந்தீங்க?"

"அந்த வகுப்புலதான் இருந்தேன். பாடம் நடத்திட்டிருந்தேன்."

எஸ்தரின் கை வேலையை விட்டது.

"அந்த சுதாகர் இப்ப எங்கிருக்காரு?"

"ரெண்டு தெரு தள்ளி. எங்க பார்த்தாலும் இன்னும் வணக்கம் சார்ங்கறான்." அவர் ஸ்டூலிலிருந்து எழுந்துகொண்டார். "அதை மட்டும் என்னால தாங்க முடியலை அம்மிணி."

"ஞாயித்துக்கெழமை மகன்கிட்ட என்ன சொல்லி வண்டியைக் குடுக்கப் போறீங்க?"

"உன்கிட்ட சொன்னதையேதான். பளபளன்னு இருந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

வினிகர் டப்பாவில் மிச்சமிருந்தது இடது முன்சக்கரத்து அச்சு. எஸ்தர் அதை எடுத்தாள். பித்தளை பிரஷ்ஷால் பத்து நிமிடம் தேய்த்தாள். துரு கரைந்து போனது, குழிகள் தெரிந்தன. அங்கே நிறுத்தினாள். சோடா உப்புத் தண்ணீரில் அலசி, ஈரம் போகத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டாள். மாட்டிச் சுற்றிவிட்டாள்.

சக்கரம் சத்தமே இல்லாமல், துளி ஆட்டமில்லாமல் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

நாச்சிமுத்து நம்ப முடியாமல் குனிந்து பார்த்தார். அச்சில் அம்மைத் தழும்பு போல அத்தனை குழியும் அப்படியே இருந்தது.

"குழி தெரியுதே அம்மிணி. பார்த்ததுமே, எப்படி வந்துச்சுன்னு கேப்பானே."

எஸ்தர் சக்கரத்தை நிறுத்தவில்லை.

"கேக்கட்டுங்க சார். எண்ணெய் நிக்கறதே அந்தக் குழியிலதான்."