எந்த மொழியில் எண்ணுவது

"நாளைக்கு மேல்கல் ஏறுது அம்மா. எண்ணிக்கை தமிழ்லதான் இருக்கணும்."

வந்ததும் வராததுமாகத் தெய்வநாயகம் ஸ்தபதி இதைச் சொன்னார்.

மங்கையர்க்கரசி அம்மா நிமிரவில்லை. ஈரத்துணியால் ஒரு கல்லின் பாசியை ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார், குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல.

லாவோஸ் தேசத்தில், மலையடியில், காட்டுக்குள் இடிந்து கிடந்த பழைய சிவன் கோயில் அது. நான்கு நாட்டார் சேர்ந்து அதை எடுத்துக் கட்டினார்கள். நம்மவர்கள், ஜப்பான்காரர்கள், இத்தாலிக்காரர்கள், அந்த ஊர்க்காரர்கள்.

ஸ்தபதிக்கு வயது ஐம்பத்தெட்டு. அம்மாவுக்கு நாற்பத்தொன்று. புதுக்கோயில் கட்டுவதில் ஸ்தபதி கைராசிக்காரர். விழுந்த கோயிலை அதே கல்லால் எழுப்பும் வித்தையை அம்மாவிடம் கற்கத்தான் கடல் தாண்டி வந்திருந்தார். கற்க வந்த இடத்தில் வயது பார்க்கக் கூடாது என்பார். மற்றதெல்லாம் பார்ப்பார்.

"ஏன் தமிழ்ல?" என்று கேட்டார் அம்மா.

"நம்ம சாமி அம்மா. உள்ளே லிங்கம் இருக்கு. கல்வெட்டைப் பார்த்தா எழுத்துகூட நம்ம பக்கத்து எழுத்து மாதிரியே இருக்கு. நாம எண்ணாம வேற யார் எண்ணுறது?"

"ஜப்பான்காரங்க என்ன சொல்றாங்க?"

"செயின் பிளாக் நாலும் அவங்க கொண்டுவந்ததாம். அதனால அவங்க பாஷையாம்."

"இத்தாலிக்காரங்க?"

"எந்தக் கல்லு எந்த இடம்னு படம் போட்டது அவங்களாம். அதனால அவங்க பாஷையாம்."

"ஊர்க்காரங்க?"

ஸ்தபதி கொஞ்சம் யோசித்தார்.

"அவங்க ஒண்ணும் சொல்லலை. அவங்களை யாரும் கேக்கவும் இல்லை."

அம்மா துணியை நீரில் அலசினார்.

மேல்கல் என்பது வாசல் நிலையின் தலைக்கு மேல் படுத்திருக்கும் கல். ஒன்றரை டன். கிரேன் வர அந்த மலையில் பாதை இல்லை. சங்கிலியை இழுத்துக் கல்லை ஏற்றி இறக்கும் செயின் பிளாக்தான். நான்கு மூலைக்கு நான்கு சங்கிலி, மூலைக்கு ஒரு நாட்டார். எண்ணி முடித்ததும் நான்கு பேரும் ஒன்றுபோல இழுத்தால்தான் கல் சாயாமல் இறங்கும்.

பத்து நாளுக்கு முன் ஒருமுறை பார்த்தார்கள். மூன்று பேர் மூன்று பாஷையில் எண்ணினார்கள். கல் சாய்ந்து நிலையில் இடித்தது. அதில் செதுக்கியிருந்த தாமரையில் ஓர் இதழ் உதிர்ந்துவிட்டது.

"எழுநூறு வருஷம் மண்ணுக்குள்ள கிடந்து உதிராத இதழ் அம்மா. நாம தூக்கி உதிர்த்துட்டோம்."

சொல்லும்போதே ஸ்தபதிக்குக் குரல் உடைந்தது. அவர் நல்ல மனிதர்தான்.

"இன்னொரு தரம் இடிச்சா கல்லு ரெண்டாப் போயிடும். மழைக்குள்ள ஏறலைன்னா ரெண்டு பக்கச் சுவரும் சரிஞ்சிடும். அதுக்கப்புறம் இந்தக் கோயிலே இல்லை. அதான் ஒரே எண்ணிக்கை வேணும்கிறேன்."

"அன்னைக்கு இதழ் மட்டுந்தான் போச்சா?"

"வேற ஒண்ணும் போகலையே."

அம்மா துணியைப் பிழிந்தார்.

"தினம் விடியற்காலையில இந்த வாசல்ல வாழையிலையில ஒரு பிடி சோறு இருக்கே. யார் வைக்கிறது?"

"ஊர்க்காரங்க யாரோ. அவங்க புத்தரைக் கும்பிடறவங்க அம்மா. நம்ம சாமியைப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்? சோத்தை எறும்புதான் தின்னுது."

"எறும்பாவது பசியாறுதே."

அம்மா துணியைக் கல்மேல் வைத்தார்.

"சரி. தமிழ்லயே எண்ணுங்க. மத்தவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

ஸ்தபதி கைகூப்பினார்.

"ஒண்ணே ஒண்ணு. எண்ணுறவர் கைதான் கல்லுக்கு அடியில இருக்கணும்," என்றார் அம்மா.

கல்லின் அடியில் ஒரு முளை உண்டு. நிலையின் தலையில் அதற்கு ஒரு குழி உண்டு. முளை குழியில் சேருகிறதா என்று விரல் விட்டுத் தடவிப் பார்க்க ஒருவர் வேண்டும். கல் உட்காருமுன் அந்த விரல் வெளியே வந்துவிட வேண்டும். கண்ணால் முடியாது, கைதான் வேண்டும்.

அதுவரை அந்த வேலை பூன்மி என்கிற ஊர்க்காரருடையது. கல் ஏற்றி வரும் லாரி பின்பக்கமாக வரும்போது, "யுட்!" என்று ஒரு சத்தம் போட்டு நிறுத்துகிறவரும் அவர்தான். ஸ்தபதி அவரை 'லாரி ஆள்' என்பார்.

"வைக்கிறேன் அம்மா," என்றார் ஸ்தபதி.

"அவங்களுக்குத் தமிழ்ல என்ன சொல்லிக் கொடுக்கணும்?"

"ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணுன்னதும் இழுக்கணும்."

"அது போதுமா?"

"போதும். வேற என்ன இருக்கு?"

அம்மா மறுபடி பாசியை ஒற்றத் தொடங்கினார்.

மறுநாள் காலை. ஸ்தபதி குளித்துத் திருநீறு பூசி வந்தார். வாசலில் தேங்காய் உடைத்தார். ஓரத்தில் அந்த வாழையிலைச் சோறு இருந்தது. அதை மிதிக்காமல் விலகித்தான் சாரம் ஏறினார்.

கீழே மூன்று மூலையிலிருந்தும் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜப்பான்காரர் ஒருவர் "மூனு, மூனு" என்றார். நம் பையன்கள் சிரித்தார்கள். ஸ்தபதிக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

நிலைக்கும் கல்லுக்கும் நடுவே கையை நுழைத்தார்.

அண்ணாந்தார். வானம் இல்லை. கல்தான் இருந்தது.

அம்மாவும் ஏறி வந்தார். தன் கையையும் அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நீங்க எதுக்கம்மா?"

"எண்ணுங்க."

"ஒண்ணு."

தன் குரல் தனக்கே மெலிந்து கேட்டது.

"ரெண்டு."

சிவசிவா என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டார்.

"மூணு."

நான்கு சங்கிலியும் ஒன்றாகக் கலகலத்தன. கல் அழகாக இறங்கியது. ஒரு சாண் இருந்தது அரை சாண் ஆயிற்று. விரலால் தடவினார். முளை குழிக்கு நேராக வரவில்லை. இரண்டு விரற்கடை விலகியிருந்தது.

"நிறுத்து!"

சங்கிலி நிற்கவில்லை.

"நிறுத்துங்கய்யா! நிறுத்து!"

நம் மூலையில் மட்டும் சங்கிலி நின்றது. மற்ற மூன்றும் ஓடின. அவர் இன்னும் வேகமாக இழுக்கச் சொல்கிறார் என்று நினைத்தார்களோ என்னவோ, இத்தாலிக்காரர் இரண்டு கையாலும் இழுத்தார். கல் சாயத் தொடங்கியது.

ஸ்தபதி அம்மாவைப் பார்த்தார். அம்மா கையை எடுக்கவில்லை. வாயும் திறக்கவில்லை.

"யுட்!"

ஊர்க்காரர் மூலையிலிருந்து வந்தது அந்தச் சத்தம்.

ஓடிய மூன்று சங்கிலியும் நின்றன. ஜப்பான்காரர் கை நின்றது. இத்தாலிக்காரர் கை நின்றது. நம் பையன்களும் மறுபடி இழுக்கப்போன கையை அப்படியே நிறுத்தினார்கள்.

இரண்டு வருஷமாகத் தினமும் அத்தனை பேர் காதிலும் விழுந்த சொல் அது. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நிலைக்கு மேல் விரல் தடிமன் இடைவெளியில் கல் அந்தரத்தில் நின்றது.

ஸ்தபதி மெல்லக் குனிந்து பார்த்தார். கீழே பூன்மி சங்கிலியைப் பிடித்தபடி நின்றார். வலது கையில் இரண்டு விரலுக்குச் சேர்த்து ஒரு துணி சுற்றியிருந்தது. துணி பழையதாகி, கறுத்திருந்தது. அதன் மடிப்பில் சோற்றுப் பருக்கை ஒன்று ஒட்டிக் காய்ந்திருந்தது.

"அம்மா, அவர் விரல்ல என்ன?"

"பத்து நாளாச்சு ஸ்தபதியாரே."

ஸ்தபதி வாசல் ஓரத்து வாழையிலையைப் பார்த்தார். கீழே நின்ற நான்கு மூலையையும் பார்த்தார்.

கல்லைச் சற்று உயர்த்தி, நேராக்கினார்கள். மறுபடி இறக்க வேண்டும்.

"கையை எடுத்துக்கறீங்களா? நான் பார்த்துக்கறேன்," என்றார் அம்மா.

"இருக்கட்டும் அம்மா."

கையை இன்னும் கொஞ்சம் உள்ளே நுழைத்துக்கொண்டார். பிறகு கீழே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"பூன்மி ஐயா!"

பூன்மி நிமிர்ந்தார்.

ஸ்தபதி கல்லுக்கு வெளியே இருந்த மற்றொரு கையை நெஞ்சில் வைத்துத் தலை தாழ்த்தினார். ஒரு விரலை நீட்டிக் காட்டினார். பிறகு காத்திருந்தார்.



"நுங்," என்று எண்ணத் தொடங்கினார் பூன்மி.