கேம் ஷாஃப்டும் உக்கடம் பஸ்ஸும்

எந்த வருசம் என்று கேட்காதீர்கள், கோயம்புத்தூரில் ரேஸ் கார் எஞ்சினுக்கென்றே ஒரு பட்டறை இருந்ததாம். அதை நடத்தியவள் வான்மதி. அவளிடம் சீடனாக வந்து சேர்ந்தவர் வெள்ளிங்கிரி, அவளைவிட இருபது வயது பெரியவர். காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் டர்போ இல்லாத எஞ்சின்களில் பேர் வாங்கிய கை. டர்போ மட்டும் அவருக்குப் புதுசு.

அவர் மகள் சௌமியா ஓட்டும் காரில் நாலு சிலிண்டர் டர்போ எஞ்சின். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்திலும் பின்தங்கினால் வேறு ஆளை ஓட்ட விடுவோம் என்று டீமில் சொல்லிவிட்டார்கள். அப்பா விடுவாரா? தனக்குக் கோப்பை வாங்கித் தந்த அதே கணக்கில், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டைப் பூட்டினார். புகை போகும் வால்வு மூடுவதற்கு வெகு முன்பே காற்று வரும் வால்வு திறந்துவிடும். வருகிற காற்று புகையை வெளியே தள்ளிவிடும் என்பது அவர் கணக்கு.

ஓட்டிப் பார்த்தால், வேகம் ஏற ஏற எஞ்சின் இழுக்கவே இல்லை. கோயில் தேர்கூட என்னைத் தாண்டிவிடும் என்றாளாம் மகள்.

வெள்ளிங்கிரி வான்மதியிடம் போய் நின்றார்.

"நிமிசத்துக்கு எட்டாயிரம் சுத்து சுத்துதுங் அம்மணி. மூச்சு விட நேரமே இல்ல. ரெண்டு வால்வும் இன்னும் கொஞ்சம் சேந்து தொறந்திருக்கட்டுங்களா?"

"வாங்கண்ணா, உக்கடத்துல டீ குடிக்கலாம்."

டவுன் பஸ்ஸில் போனார்கள். உக்கடத்துக்கு முந்தின நிறுத்தத்தில் இரண்டு கதவும் ஒன்றாகத் திறந்தன. முன்னால் ஏறுகிறவர்கள் நெருக்க, பின்னால் மளமளவென்று இறங்கினார்கள். நம்ம ஷாஃப்ட் மாதிரியே இருக்கே என்று வெள்ளிங்கிரிக்கு ஒரே சந்தோசம். வான்மதியும் அங்கேயே இறங்கிக்கொண்டாள். நீங்கள் உக்கடத்தில் பின்கதவு வழியாக இறங்குங்கள், நான் நடந்து வருகிறேன் என்றாள்.

உக்கடத்தில் சாயங்காலக் கூட்டம் பின்கதவையும் அடைத்து நின்றது. இரண்டு கதவும் திறந்தன. அவர் ஒரு காலைக் கீழே வைத்ததுதான், கூட்டம் அவரை உள்ளே தள்ளிவிட்டது. இறங்க வேண்டியவர்கள் உள்ளேயே அடைபட, முன்கதவில் நின்றவர்கள் ஏற இடமில்லை. பாதிப் பேரை விட்டுவிட்டு பஸ் கிளம்பிவிட்டது.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்தார். சட்டையில் ஒரு பொத்தானைக் காணோம். வான்மதி டீயோடு நின்றாள், சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டு.

"கீழ நிக்கறவங்க எறங்க விடலீங் அம்மணி."

"டர்போ எங்க இருக்குதுங்ண்ணா?"

"புகை போற வழியிலதானுங். அதைச் சுத்திவிட்டுட்டுத்தான் புகை வெளிய போவணும். அது வரைக்கும் அங்கயே நெருக்கிட்டு…"

அங்கேயே நிறுத்திவிட்டார்.

"அப்ப, இத்தனை வருசமா நான் பூட்டினதெல்லாம் தப்புங்களா அம்மணி?"

"இல்லீங்ண்ணா. அந்த எஞ்சின்கள்ல, எறங்கற பக்கம் யாரும் நிக்கல."

வெள்ளிங்கிரி டீயைக் குடித்துவிட்டு, வந்த பஸ்ஸை விட்டுவிட்டுப் பட்டறைப் பக்கம் நடந்தார். போகும்போதே வால்வு மாதிரி ஒரு கையை மூடி, அப்புறமே மறு கையைத் திறந்து பார்த்துக்கொண்டே போனாராம்.