நாற்பது மாப்பிள்ளை மண்டபம்

சுண்டங்குளத்தில் புதிதாக எழும்பிய கல்யாண மண்டபத்துக்குச் சுயம்புலிங்கம்தான் மேற்பார்வையாளர். அதற்கு முன் பதினோரு மண்டபங்கள் கட்டி ஒப்படைத்தவர். ஒன்றிலும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. ஒரு மண்டபத்தில் முதல் மேளம் கொட்டும்போது, அவர் வேறொரு ஊரில் கடைக்கால் தோண்டிக்கொண்டிருப்பார். இந்தப் பன்னிரண்டாவது மண்டபத்தில் மட்டும் முதல் கல்யாணம் அவர் மகள் செண்பகவல்லியுடையது என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். ஆவணி பன்னிரண்டு, காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். பத்திரிகையும் அடித்தாயிற்று.

அந்த நேரம் பார்த்துச் சென்னை அலுவலகத்திலிருந்து ஒரு லேப்டாப் வந்தது. அதற்குள் 'மாடல்' என்ற பெயரில் மண்டபம் முழுதும் இருந்தது. தூண், உத்தரம், குழாய், கதவு என்று எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம். கூரையைக் கழற்றி வைத்துவிட்டு மேலிருந்து எட்டிப் பார்க்கலாம். ஒன்றோடொன்று இடித்தால் அந்த இடம் சிவப்பாகும்.

அந்த அலுவலகத்துப் பெரிய இன்ஜினியரம்மா போனில் மூன்றே வாக்கியம்தான் சொன்னார். "மாடல்ல இருக்கிறது கட்டடத்துல இருக்கணும். மாடல்ல இல்லாதது கட்டடத்துல இருக்கக் கூடாது. ஒரு சிவப்புகூட இல்லைன்னாத்தான் மண்டபத்துச் சாவி."

சுயம்பு அதை ஒரு சிமெண்ட் பைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார். அந்தக் காகிதம் மாடலில் இல்லையே என்று உடனே தோன்றியது. பிய்த்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

முதல் சிவப்பு சமையல்கட்டில். தண்ணீர்க் குழாய் உத்தரத்துக்குள் புகுந்து போனது. கொத்தனார் முப்பிடாதியும் பிளம்பர் ஆத்தியப்பனும் திரைமுன் நின்றார்கள்.

"உம்ம குழாய் எம் உத்தரத்துக்குள்ள என்னவே பண்ணுது?"

"உம்ம உத்தரம்தான் எங் குழாயச் சுத்தி வந்து நிக்கு."

சுயம்பு குழாயைக் கொஞ்சம் நகர்த்தினார். கதவில் இடித்தது. இன்னும் நகர்த்தினார். சுவரில் இடித்தது. நகர்த்தி நகர்த்திக் கடைசியில் சாலைக்கு அந்தப்புறம் கொண்டுபோய் விட்டார். அங்கே ஒரு டீக்கடை உண்டு, மாடலில் கிடையாது. சிவப்பு போய்விட்டது.

மறுநாள் ஆத்தியப்பன் குழாயை அப்படியே போட்டார். மண்டபத்துச் சமையல்கட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. டீக்கடை வாசலில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. டீக்கடைக்காரர் மேலும் நாலு பெஞ்சு வாங்கிப் போட்டுப் பெரிய பந்தலாக ஒன்று இழுத்துக் கட்டினார்.

அடுத்தது அந்த ஆள். மாடலில் வாசல் கூடத்தில் ஒருவன் நின்றிருந்தான். வழுக்கைத் தலை, நீலச் சட்டை, கையில் ஒரு பை. கூரை எவ்வளவு உயரம் என்று காட்டுவதற்காக வரைகிறவர்கள் நிறுத்திவைக்கும் பொம்மை அது. அதை இவர்களுக்கு யார் சொல்வது?

"பொண்ணு வீடா, மாப்பிள வீடா அண்ணாச்சி?" என்றார் ஆத்தியப்பன்.

"எந்த வீடா இருந்தா என்ன? மாடல்ல இருக்கான்லா?"

முப்பிடாதிக்கு ஏற்கெனவே பாதித் தலை வழுக்கை. மீதியைச் சலூனில் முடித்து, நீலச் சட்டை மாட்டி, பையைக் கொடுத்து, கூடத்தில் நிறுத்தினார்கள். மாடலில் பையைத் திறக்க முடியவில்லை. அதனால் இந்தப் பையின் வாயையும் தைத்துவிட்டார்கள். முப்பிடாதியின் மத்தியானச் சோறு அதற்குள் இருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் ஆத்தியப்பனுக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை வராமலிருந்தால் அவரும் நல்ல மனிதர்தான்.

"அண்ணாச்சி, நாளைக்கு வாற நானூறு பேரும் மாடல்ல இல்லையே?"

சுயம்பு லேப்டாப்பைத் திறந்தார். அவ்வளவு பேரை உள்ளே விட்டால் சாவி ஏது?

லேப்டாப்பில் இருந்தது அந்த ஒரே ஆள்தான். அவனைத் தொட்டு ஒரு பட்டனை அமுக்கினால் அவனைப் போலவே இன்னொருவன் வந்தான். அன்று முழுக்க அமுக்கினார்கள். மாமன், அத்தை, ஐயர், நாதஸ்வரக்காரர் என்று எல்லாரும் வழுக்கைத் தலையும் பையுமாக வந்து நிறைந்தார்கள். மணமேடையிலும் இரண்டு பேர்.

"இதுல நம்ம புள்ள யாரு அண்ணாச்சி?"

சுயம்பு வெகுநேரம் பார்த்தார். "தூண் பக்கம் நிக்கவன். கொஞ்சம் தலைகுனிஞ்சாப்ல இல்ல? எம் மவ சின்னதுலயே அப்படித்தான்."

விடிந்ததும் ஜனம் வந்துவிட்டது. மண்டபத்துக் கதவு திறக்கவில்லை. ஒரே ஒரு சிவப்பு மிச்சம்: திரையில், மணமேடையில் மாப்பிள்ளை பெண்மேல் இடித்துக்கொண்டிருந்தார்.

"தள்ளி வைங்க," என்றார் ஆத்தியப்பன்.

"தள்ளி வச்சா தாலி எட்டாதேவே."

"கிட்ட நின்னா சிவப்பு."

"கிட்ட நிக்காம எப்படிய்யா கல்யாணம்?"

"அத இன்ஜினியரம்மா சொல்லலையே!"

ஒன்பதரை ஆனது. பத்து ஆனது. கூறைப்புடவையோடு செண்பகவல்லி ஜன்னலருகே வந்தாள். "யப்பா, நேரம் போவுது."

"ஒரே ஒரு சிவப்பு தாயி. இந்தா, கூப்பிடுதேன்."

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அது திரையைவிட்டு நிமிரவில்லை. பிறகு சாலைக்கு அந்தப்புறம் பார்த்தாள். பந்தல் இருந்தது. பெஞ்சு இருந்தது. தண்ணீர் இருந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம் போய் ஏதோ சொன்னாள். மேளம் சாலையைத் தாண்டிப் போனது.

உள்ளே சுயம்பு மாப்பிள்ளையைத் தொட்டு, ஒரு முழம் தள்ளி வைத்தார். சிவப்பு அணைந்தது. அதே கணத்தில் எங்கிருந்தோ கெட்டிமேளம் கேட்டது. திரையில் இரண்டு வழுக்கைத் தலைகள், கையில் பையோடு, தொடாமல் எதிரெதிரே நின்றன. சுயம்புவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து சிமெண்ட் காகிதத்தை எடுத்தார். அதில்தான் அட்சதையை மடித்து வைத்திருந்தார். "நல்லா இருங்க மக்கா," என்று லேப்டாப்பின்மேல் தூவினார்.

ஒரு மணி அரிசி பட்டனுக்கு இடையில் விழுந்து மாட்டிக்கொண்டது. மாப்பிள்ளை இரண்டானார். மூன்றானார். ஆத்தியப்பன் ஊக்கால் நெம்பி அரிசியை எடுப்பதற்குள் நாற்பது மாப்பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஒருவரை ஒருவர் இடிக்கவில்லை. ஒரு சிவப்பும் இல்லை.

"சாவி நமக்குத்தான் அண்ணாச்சி!"

கூடத்திலிருந்து முப்பிடாதி தலையைத் திருப்பாமல் கேட்டார். "மாடல்ல நாப்பது மாப்பிள இருக்காவ. கட்டடத்துல எத்தன பேரு?"

கட்டடத்தில் ஒருவர்கூட இல்லை.

சாயங்காலம் பெண்ணும் மாப்பிள்ளையும் டீக்கடைப் பந்தலிலிருந்து வந்து சுயம்புவின் காலில் விழுந்தார்கள். மகளின் கழுத்தில் புது மஞ்சள் மின்னியது. அவர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு மருமகனைத் தனியாக அழைத்துப் போனார்.

"மாப்பிள, உங்க ஊர்ல கல்யாணமாவாத பையங்க இருப்பாவளா? வழுக்கையா இருந்தா நல்லது. பை நாங்களே குடுத்துருவோம்."

"எத்தன பேரு மாமா?"

"முப்பத்தொம்பது."

சொல்லிவிட்டு மருமகனின் அடர்ந்த சுருட்டை முடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"வேண்டாம், நாப்பதுன்னே வச்சுக்கோங்க."