பச்சை விளக்கு

“எல்லாச் சோதனையும் பச்சையாகணும், வேணி. பதினோரு வருஷமா என் வெளியீடு ஒரு நாள்கூடத் தள்ளிப்போனதில்ல” என்றார் கட்டற்ற மென்பொருள் குழுத் தலைவர் சபேசன்.

அவர்களுடைய குரல் அஞ்சல் செயலியின் புதிய பதிப்பு பழைய குரல் பதிவுகளை அழித்துவிடும் என்று ஒரு தானியங்கிச் சோதனை தோல்வி காட்டிச் சிவப்பில் நின்றது. வேணி அந்தச் சோதனையையே நீக்கினாள்.

“அந்தச் சோதனையையே எடுத்துட்டேன், பச்சையாயிடுச்சு சார். வெளியிடறவர் புதுப் பதிப்பை முதல்ல தன் போன்ல ஏத்தணும், அதானே நம்ம வழக்கம்? கொடுங்க, ஏத்தித் தரேன்.”

சபேசன் போனைப் பைக்குள் தள்ளினார். “இதுல என் பொண்ணு பேசினதெல்லாம் இருக்கும்மா. கனடா போனப்புறம் அதிகம் பேசறதில்ல.”

“எல்லார் போன்லயும் யாரோ இருக்காங்க சார்.”

வெளியீடு தள்ளிப்போனது. சோதனையைத் திரும்பச் சேர்த்துவிட்டு, வேணி இயர்போனை மாட்டி, கப்பல் வேலைக்குப் போன கணவன் ஆறு மாதத்துக்கு முன் கடைசியாக அனுப்பிய குரலைத் தொட்டாள்.