ஏரிக்கு அந்தப் பக்கம் பச்சை மாடி

"மூணு நாளா திருப்புறேன் மாஸ்டர். விளக்கு வருது, போகுது. பெட்டி சரியில்ல."

மொட்டைமாடியில் நின்று ஏகாம்பரம் இதைச் சொன்னார். அவருக்கு வயது அறுபத்து நான்கு. அவர் மாஸ்டர் என்று கூப்பிட்ட லூர்துவுக்கு முப்பத்தாறு. செல்போன் டவர் ஏறுவது அவள் தொழில். ஒரு மாதமாக அவளிடம்தான் அவர் இந்த வேலையைக் கற்றுக்கொண்டிருந்தார்.

மாடியில் நட்டிருந்த இரும்புக் குழாயின் உச்சியில் ஒரு வெள்ளைப் பெட்டி ஏரியைப் பார்த்து நின்றது. ஏரிக்கு அந்தப் பக்கம், மூன்று கிலோமீட்டர் தள்ளி, இதே போல் இன்னொரு பெட்டி. அங்கே நெட் இருக்கிறது. இங்கே கம்பி வராது. இரண்டு பெட்டியும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டால், அங்கிருக்கிற நெட் காற்று வழியாக இங்கே வந்துவிடும்.

பெட்டியின் முதுகில் நான்கு விளக்கு. நான்கும் எரிய வேண்டும்.

மகள் பூங்கொடிக்காகத்தான் இத்தனையும். ஓசூரில் வேலை. ஊரிலிருந்தே பார்க்கலாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. வீட்டில் நல்ல நெட் உண்டா, இல்லையா? திங்கட்கிழமை காலை அவள் பதில் சொல்ல வேண்டும்.

அன்று ஞாயிறு.

"அந்தப் பக்கம் யாரு?"

"தம்பி. தணிகை."

"பேசினீங்களா?"

"பேசறதில்ல. பொண்ணுதான் சித்தப்பாகிட்ட கேட்டு ஏற்பாடு பண்ணா."

"எத்தனை நாளா பேசறதில்ல?"

"பதினோரு வருஷம். அவன் பொண்ணு கல்யாணப் பத்திரிகையில என் பேரை அவன் மச்சான் பேருக்குக் கீழே போட்டான்."

மறக்கக்கூடியதா அது? கூடப் பிறந்த அண்ணன்.

"தம்பி வீடு எது?"

"தெரியாது. நான் அந்தப் பக்கம் பார்க்கறதே இல்ல."

"பார்க்காம எப்படித் திருப்புறீங்க?"

ஏகாம்பரம் தாடையைச் சொறிந்தார்.

"தண்ணி டேங்குக்கு வலப்பக்கம். பச்சை மாடி. போன பொங்கலுக்குத்தான் பச்சை அடிச்சான். அதுக்கு முன்ன மஞ்சள்."

"பார்க்கறதில்லன்னீங்க."

"கண்ணுல படுது. நான் என்ன பண்ண?"

லூர்து பெட்டியின் ஓரத்தில் கண்ணை வைத்து, பச்சை மாடிக்கு நேராக அதைத் திருப்பினாள். ஒரு விளக்கு எரிந்தது. கையை எடுத்துவிட்டாள்.

இரண்டு ஆனது. பிறகு ஒன்று. பிறகு ஒன்றுமில்லை.

"பார்த்தீங்களா? பெட்டிதான் கோளாறு."

"நான் தொடல. நீங்களும் தொடல."

"அப்புறம் யாரு?"

லூர்து ஏரிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.

ஏகாம்பரமும் பார்த்தார்.

"அடப்பாவி, அவனும் திருப்புறானா! நான் திருப்பும்போதெல்லாம் அவனும் திருப்பியிருக்கான். அவனைச் சும்மா இருக்கச் சொன்னா நான் ஒரே நிமிஷத்துல பிடிச்சிடுவேன்."

"சொல்லுங்க."

போனை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"நீங்க சொல்லுங்க மாஸ்டர்."

"எனக்கு அவரைத் தெரியாது."

போன் நீட்டியபடியே இருந்தது. பிறகு பைக்குள் போனது.

"ஸ்பானர்."

கொடுத்தார். பெட்டி பச்சை மாடியைப் பார்த்தபடி இருக்க, லூர்து நட்டை இறுக்கினாள். ஸ்பானரையும் பைக்குள் போட்டாள். பையின் மேல் உட்கார்ந்தாள்.

"இப்போ என்ன செய்யணும்?"

"ஒண்ணும் வேணாம்."

"அப்போ அவன் தேடி அவன் பிடிச்சதா ஆயிடும். அண்ணனுக்கு நான்தான் நெட் குடுத்தேன்னு ஊரெல்லாம் சொல்வான்."

"சொல்வார்."

"நான் சும்மா நின்னவன்."

"நிக்க முடியுதான்னு முதல்ல பாருங்க."

ஏகாம்பரம் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஒரு விளக்கு. இரண்டு. மூன்று.

"மூணு! போதும்டா, நிறுத்துடா!"

மூன்று கிலோமீட்டர் தண்ணீருக்கு அப்பால் அது எங்கே கேட்கும்?

மூன்று இரண்டானது. இரண்டு ஒன்றானது. எல்லாம் அணைந்தது.

"விட்டுட்டான் பாருங்க! கைக்கு வந்ததை விட்டுட்டான்."

"நீங்களா இருந்தா?"

"மூணுலயே இறுக்கியிருப்பேன்."

"அதான் ஸ்பானர் மேல உட்கார்ந்திருக்கேன்."

வெகுநேரம் ஒரு விளக்கும் எரியவில்லை. ஏகாம்பரம் பச்சை மாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் அவசரப்பட மாட்டான் மாஸ்டர்," என்றார், யாரும் கேட்காமல். "சின்னதுல இதே ஏரியில தூண்டில் போடுவோம். தக்கை லேசா ஆடினாலே நான் இழுத்துடுவேன். அவன் முழுசா முங்கற வரைக்கும் இருப்பான். சாயங்காலம் என் கூடை காலி. பாதி மீனை அதுல போட்டு, அண்ணன் பிடிச்சதுன்னு அம்மாகிட்ட சொல்வான்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது.

ஒரு விளக்கு.

இரண்டு.

மூன்று.

நான்கு.

இருவரும் மூச்சு விடாமல் பார்த்தார்கள். நான்கும் நின்று எரிந்தன. அந்தப் பக்கமும் நட்டு இறுகிவிட்டது.

லூர்து அந்த நெட்டில் பூங்கொடியை வீடியோவில் கூப்பிட்டாள். முகம் துல்லியமாக வந்தது.

"அப்பா! நெத்தியில கிரீஸ் பூசியிருக்கீங்க. அதுகூடத் தெரியுது!"

"அப்போ வர்றியா?"

"வர்றேன்ப்பா. நாளைக்கே சொல்லிடறேன். சித்தப்பா என்ன சொன்னார்?"

"அவன் எங்க சொன்னான். நாலு விளக்கு வந்துது."

மகள் சிரித்துக்கொண்டே வைத்தாள். ஏகாம்பரம் துண்டால் நெற்றியைத் துடைத்தார். கிரீஸ் கண் வரைக்கும் வந்தது. அப்படியே விட்டுவிட்டார்.

லூர்து போனில் இரண்டு பெட்டிகளின் பட்டியலைத் திறந்து காட்டினாள். பெட்டிகளை வாங்கி அனுப்பியபோதே பூங்கொடி அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தாள். நெட் எங்கிருந்து வருகிறதோ அந்தப் பெயர் மேலே இருந்தது. தணிகை.

அதற்குக் கீழே, ஏகாம்பரம்.

"உங்க பேர் கீழே இருக்கு," என்றாள் லூர்து. "செட்டிங்ல போய் மேல ஏத்திடட்டுமா?"

ஏகாம்பரம் நான்கு விளக்குகளையும் பார்த்தார். பச்சை மாடியைப் பார்த்தார்.

"வேணாம் மாஸ்டர். கை வைக்காதீங்க. ஆடிடும்."