மச்சில் முதல் பந்தி

மில் முதலாளி குஞ்சிதபாதம் தம் பழைய ஓட்டு வீட்டின் மச்சைப் படுக்கையறையாக மாற்றி, அதற்கும் சேர்த்து விலை சொன்னார். வாங்க வந்தவள் இட்லிக்கடை பூங்காவனம்.

“மச்சுக்கு அப்ரூவல் இருக்குங்களாய்யா?”

“அப்ரூவல் எதுக்கு? யானையே ஏறலாம். பிடிச்சா வாங்கு, இல்லேன்னா நடையைக் கட்டு.”

பூங்காவனம் அண்ணாந்து பார்த்தாள். அவள் பெண்கள் அங்கேதான் படுத்தாக வேண்டும்.

“சரிங்கய்யா. பால் காய்ச்சுற அன்னிக்கு மச்சுலயே பந்தி போடறேன். முதல் பந்தியில உங்க பேரப்பிள்ளைங்க எல்லாரும் வந்து உக்காரணும்.”

முதலாளியின் கண் தானாக மேலே போனது. “பிள்ளைங்க எதுக்கு அங்க? கீழேயே போடு.”

“அப்போ என் பிள்ளைங்க மட்டும் அங்க தூங்கலாமாய்யா?”

முதலாளி மச்சுக்குச் சேர்த்த தொகையைத் தாமே கழித்தார். கீழ்வீட்டு விலைக்கே பத்திரம் முடிந்தது. அந்த மச்சில் இன்றைக்கும் காலிச் சாக்குகள்தான் தூங்குகின்றன.