பென்ஷன் கியர்

சுந்தரவடிவேல் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் நடத்துபவர். வயது ஐம்பத்து நான்கு. அவருக்கு மலையில் சைக்கிள் ஓட்டப் பழக்கிய நப்பின்னைக்கு முப்பத்தொன்று. குருவானவர் சிஷ்யனை "சார்" என்று அழைக்கலாம் என எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. இங்கே அப்படித்தான் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய சைக்கிள் குழுவின் கொல்லிமலை ஏற்றம். போன வருஷம் பாதி மலையில், 'குரங்குகளுக்குத் தீனி போடாதீர்' என்ற பலகையருகே அவர் இறங்கிவிட்டார். மீதி மலைக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். இந்த வருஷமும் தள்ளினால் சைக்கிள் தன் தம்பிக்கு என்று மனைவி சொல்லிவிட்டாள். தம்பி உச்சியில் காத்திருக்கப் போவதாகவும் தகவல்.

வெள்ளிக்கிழமை மாலை அவர் சைக்கிளோடு குருவின் வீட்டுக்குப் போனார்.

"கோச், ஒரு சந்தேகம். பின்னாடி இருக்கிற பெரிய பல்சக்கரத்தை மாத்தலாம்னு இருக்கேன். முப்பத்தாறு பல் போடவா, நாற்பதா?"

"இப்ப எத்தனை?"

"முப்பத்திரண்டு. பல் கூடக் கூட மிதிக்கிறது லேசு, வேகம்தான் குறையும். நாற்பது போட்டா முழங்காலுக்கு வர்ற பாரம்..." என்று தொடங்கியவர் முக்கோணவியல் வரை போனார்.

நப்பின்னை கொட்டாவியை மறைத்துக்கொண்டாள். மறைத்ததை அவர் பார்த்துவிட்டார்.

அவள் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு வெள்ளைத் துணியால் பல்சக்கரங்களைத் துடைத்தாள். சின்னச் சக்கரங்கள் ஒவ்வொன்றும் துணியில் கறுப்பாக மை பதித்தன. பெரிய சக்கரத்துக்குத் துணியின் வேறு மூலையை எடுத்தாள். அந்த மூலை வெள்ளையாகவே இருந்தது.

"இதுல செயின் ஏறினதே இல்லையா சார்?"

சுந்தரவடிவேல் தெருவைப் பார்த்தார். அவர்கள் குழுவில் அந்தச் சக்கரத்துக்குப் 'பென்ஷன் கியர்' என்று பெயர். அதைப் போட்டவரைக் கால் சுழலும் வேகமே காட்டிக்கொடுத்துவிடும். உடனே மற்றவர்கள் கேலியாக மணியடிப்பார்கள்.

"கடைசிக்குன்னு வச்சிருக்கேன்."

"போன வருஷம் இறங்கினப்போ கடைசி வரலையா?"

அவர் கவிழ்ந்திருந்த சைக்கிளின் மிதியை ஒருமுறை சுற்றிவிட்டார்.

"அப்போ இதையும் சேர்த்துத்தான் மேலே வரைக்கும் தள்ளியிருக்கீங்க."

"ஆமா."

"நாற்பதே வாங்குங்க சார். அதையும் துடைக்கிற வேலை இருக்காது."

அவர் எதுவும் வாங்கவில்லை.

ஞாயிறு காலை. அந்தக் குழுவில் நப்பின்னையை ஏற்றத்தில் முந்தியவர் யாருமில்லை. முதல் வளைவிலேயே அவள் பென்ஷன் கியரைப் போட்டாள்.

"கோச்சுக்கே பென்ஷனா!" என்று யாரோ கத்த, பின்னால் மணிகள் ஒலித்தன. அவளும் தன் மணியை ஒருமுறை அடித்துக்கொண்டாள்.

சுந்தரவடிவேல் பழைய கியரிலேயே பலகை வரை வந்தார். அதற்கு மேல் மிதி கீழே இறங்க மறுத்தது. பலகைமேல் உட்கார்ந்திருந்த குரங்கு அவரை அடையாளம் கண்டுகொண்டது போலப் பார்த்தது. கட்டைவிரலால் கியர் விசையைத் தள்ளினார். செயின் கடகடவென்று பெரிய சக்கரத்தில் ஏறியது.

மணிச்சத்தம் காதைப் பிளந்தது. "வாழ்த்துகள் சார்! எத்தனை வருஷம் சர்வீஸ்?"

காது மடல்கள் சுட்டன. கால்கள் பம்பரமாய்ச் சுற்றின, சைக்கிள் நத்தையாய் ஊர்ந்தது. பலகை மெல்லப் பின்னால் போயிற்று. அவர் இருக்கையில்தான் இருந்தார்.

அடுத்த வளைவைத் தாண்டியதும் சாலை இன்னும் செங்குத்தாக நிமிர்ந்தது. கட்டைவிரல் தானாக விசையைத் தேடிப் போய் அழுத்தியது. ஒன்றும் நடக்கவில்லை.

"கோச்!"

முன்னால் அதே நத்தை வேகத்தில் போய்க்கொண்டிருந்தாள் நப்பின்னை. "என்ன சார்?"

"இதுக்கு மேல கியர் இல்லையே!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆமா சார். இனிமே மலைதான்."